இழுவை கூடியது, பிரேக்?

பழைய டீசல் பிக்கப் வண்டியில் பம்ப்பைத் திருகி இழுவையைக் கூட்டி, ஸ்பிரிங் பட்டை சேர்த்து, பின்னால் டிரெய்லரை மாட்டினால் இரண்டு நடை ஒரே நடையாகிவிடும் என்கிறார்கள் பட்டறைகளில். லாரி வாடகை கையைக் கடிக்கும்போது இந்தக் கணக்கு விவசாயிக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் கூடியது இழுவை மட்டும்தான். பிரேக், கம்பெனி கொடுத்த அதே பிரேக். சொந்த பிரேக் இல்லாத டிரெய்லர், முன்வண்டி நிற்கும்போது பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்தில் வண்டியையே குறுக்கே திருப்பிவிடும். மீஞ்சூரில் மூட்டை ஏற்றி, எண்ணூர், திருவொற்றியூர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்து, பேசின் பிரிட்ஜ் பாலத்தில் இறங்கும்போது முன்னால் போகும் லாரி சட்டென நின்றால்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. மீறும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகத்தைத்தான்.

அபராதம் மட்டும் போதாது. அறுவடைக் காலத்தில் போக்குவரத்துத் துறை கிராமத்துக்கே வந்து டிரெய்லர் பிரேக், பின்விளக்கு சோதனை முகாம் நடத்த வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி பிடிக்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வேளாண் அலுவலர்களும் ஏற்பாடு செய்யலாம். டிரெய்லர்தான் வழி என்றால், கிளம்பும் முன் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.