மாட்டின் பூர்வீகம்: எலும்பு சொல்லும் சாட்சி

நாட்டுப் பசுவின் பாலில் தங்கம் இருக்கிறதாம்! மாட்டை அறுத்தால் பூமி அதிருமாம்! தெருவோரச் சாமியார் சொன்னதல்ல இது. 2021-ல் மத்திய சர்க்காரின் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக், நாடு முழுவதும் "பசு விஞ்ஞான"ப் பரீட்சை என்று அறிவித்து, அதற்காக வெளியிட்ட பாடம். விஞ்ஞானிகள் கண்டித்தார்கள், பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது. பொய் மட்டும் ஊர் சுற்றுகிறது. பெரியபாளையத்தில் ஒற்றை மாடு கட்டிப் பிழைக்கும் விவசாயத் தொழிலாளியும், கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளியும் இதற்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிலை மாட்டின் எலும்பே சொல்கிறது. எலும்பிலும் பல்லிலும் டி.என்.ஏ. என்ற மரபணு இருக்கிறது. தாய் வழி, தந்தை வழி இரண்டும் அதில் பதிந்திருக்கும். பல்லாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பைத் துளைத்து, பொடி எடுத்து, அந்தப் பதிவை இன்று படிக்கிறார்கள்.

தெரிந்தது என்ன? திமில் இல்லாத மாட்டை, சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் காட்டு மாட்டிலிருந்து பழக்கினார்கள். முதலில் பழக்கிய பசுக்கள் ஏறக்குறைய 80-தான் என்று, ஈரானில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2012-ல் கணக்கிட்டார்கள். நமது திமில் மாடு வேறொரு காட்டு மாட்டின் வழி. அதைச் சிந்துவெளிப் பக்கம் பழக்கினார்கள். பலுச்சிஸ்தானத்து மெஹர்கரில் சுமார் 8,000 ஆண்டுச் சான்று இருக்கிறது. முட்ட வந்த மாட்டைப் பிடித்துக் கட்டி, தீனி போட்டு, கன்று ஈன வைத்தது யார்? தேவர்களா? இல்லை! ஆணும் பெண்ணுமாக உழைத்த ஜனங்கள்!

"கலப்பில்லாத தெய்வ இனம்" என்ற பேச்சும் நிற்காது. 67 பழங்கால மாடுகளின் மரபணுவைப் படித்து 2019-ல் வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவைக் கடும் வறட்சி வாட்டியது. அதன்பின் வெயில் தாங்கும் திமில் காளைகள் கிழக்கிலிருந்து போய் அந்த ஊர்ப் பசுக்களோடு கலந்தன. ஜனங்களே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் நெல்லூர்ச் சீமை. அங்கிருந்து கப்பலேறிய மாட்டின் வாரிசுகள் "நெலோர்" என்ற பெயரில் இன்று பிரேஸிலில் பெருகி நிற்கின்றன. மனிதனோடு நடந்தது மாடு. மனிதன் தேவைக்காகக் கலந்தது மாடு.

அப்படியானால் மாட்டைப் பற்றி முடிவு செய்யும் உரிமை யாருக்கு? 2017 மே மாதம் மத்திய சர்க்கார், சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கக் கூடாதென்று விதி போட்டது. மதுரை ஐகோர்ட் கிளை தடை விதித்தது; ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. பால் வற்றிய மாட்டை விற்றுத்தான் ஏழை அடுத்த கன்று வாங்குகிறான். விற்க விடாதவன் வைக்கோல் தருவானா? புல்லறுத்துப் போடுவானா?

கீழடியிலும் மாட்டெலும்பு கிடைத்திருக்கிறது. வெப்ப நாட்டில் மரபணு சீக்கிரம் சிதையும். அதைப் படிக்கப் பணமும் ஆராய்ச்சிக் கூடமும் வேண்டும். அதற்குச் செலவிடு என்று கேட்கிறோம். பொய்ப் பாடத்துக்கு ஒரு காசும் கூடாது! தீனி போடுகிறவனுக்கே மாடு; விற்பதும் வைத்துக்கொள்வதும் அவன் உரிமை!