சந்திரபாபுவைக் குடித்தது யார்?



திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் வந்தால் மதுக்கடைகளை மூடச் சொல்லி உத்தரவு பிறப்பது வழக்கம். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவனும், கழனியில் நடவு நட்டவனும் கூலி வாங்கி வீடு திரும்பும் நாளில் அந்தக் கடை திறந்தே கிடக்கிறது. அவன் குடித்துச் சீரழிந்தால், "குடிகாரன், தலைவிதி!" என்று ஒரே பேச்சில் கதையை முடிக்கிறார்கள்.

இதே பேச்சைத்தான் ஒரு மகத்தான கலைஞன் மீதும் வீசினார்கள். அவர் ஜே.பி. சந்திரபாபு.

1927ல் தூத்துக்குடியில் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய தந்தை நாடுகடத்தப்பட்டார். பிள்ளை கொழும்பில் வளர்ந்தார். சென்னைக்கு வந்து ஸ்டுடியோ வாசல்களில் வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தார். 1952ல் மனமுடைந்து, ஜெமினி ஸ்டுடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார். உயிர் பிழைத்தது, கோர்ட்டில் வழக்கு வந்தது. வேலை கேட்டு நின்றவனுக்கு இந்தச் சமுதாயம் தந்த பரிசு அது!

பிறகு என்ன ஆயிற்று? ரப்பரைப் போல் வளையும் உடம்பு, மேல்நாட்டுப் பாணி ஆட்டம், தன் பாட்டைத் தானே பாடும் குரல் - தமிழகமே சொக்கி நின்றது. 1958ல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரனாக வந்து, நம் உழைப்பாளி பேசும் சென்னைப் பேச்சைத் திரையில் ஒலிக்கச் செய்தார். கொட்டகைகள் நிறைந்தன. பணப்பெட்டிகளும் நிறைந்தன.

ஆனால் அவர் வாழ்க்கை? குடும்பம் உடைந்தது. சொந்தமாகத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' படம் பாதியில் நின்றது. 1966ல் அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' கைகொடுக்கவில்லை. கடன் ஒரு பக்கம், குடி ஒரு பக்கம். 1974 மார்ச் 8ல், 46 வயதில் மறைந்தார். இயக்குநராக அவர் தந்திருக்க வேண்டிய படங்கள் எத்தனை! எல்லாம் மண்ணோடு மண்ணாயின.

"அவரை யார் குடிக்கச் சொன்னார்கள்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். குடித்தது அவர் கைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அவரை வைத்துச் சம்பாதித்தவர்கள், அவர் விழுந்தபோது எங்கே போனார்கள்? ஓடுகிற குதிரைக்குக் கொள்ளு, விழுந்த குதிரைக்குச் சாட்டை - லாபவேட்டையின் நியாயம் இதுதானே!

அன்று மதுவிலக்குச் சட்டம் இல்லையா? இருந்தது. 1948 முதல் 1971 வரை ராஜ்யம் முழுவதும் இருந்தது. அது குடித்தவனைக் குற்றவாளியாகப் பார்த்தது, நோயாளியாகப் பார்க்கவில்லை. வெறும் சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை.

இன்றோ சர்க்காரே வியாபாரி! 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசே நடத்துகிறது. 2023-24ல் மட்டும் மதுவால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பதும் அவர்கள், விழுந்தவனுக்குப் புத்தி சொல்வதும் அவர்கள்!

ஆகவே கேட்கிறோம்: கடைகளைக் குறை! ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்கு இலவசச் சிகிச்சை கொடு!

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. குடியில் விழுந்த சக தொழிலாளியைச் சங்கத்திலிருந்து விரட்டாதீர்கள். கைபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சந்திரபாபுவுக்கு நீளாத கை, நம் தோழனுக்காவது நீளட்டும்.

தீபத்துக்கு மூடத் தெரிந்த கதவு, கூலி நாளில் மூடத் தெரியாதா?