கோவை மென்பொருள் சந்தை: விளம்பர எண்ணிக்கை சொல்லாதவை

கோவையின் மென்பொருள் வேலைகள் பெரும்பாலும் நகரின் வடகிழக்கில் குவிந்திருக்கின்றன. சரவணம்பட்டியில் கேஜிஐஎஸ்எல் வளாகம், கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம், விளாங்குறிச்சியில் 2010-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, இவற்றைச் சுற்றி எண்ணற்ற சிறு நிறுவனங்கள். காக்னிசன்ட், பாஷ் போன்ற பெரிய பெயர்களும் உண்டு, கோவை.கோ போல இங்கே மென்பொருள் செய்து வெளிநாடுகளுக்கு விற்பவையும் உண்டு. வேலைவாய்ப்புத் தளத்தில் ஊர்ப்பெயரைக் கொடுத்துத் தேடினால் பக்கம் பக்கமாக விளம்பரங்கள் வரும். பெங்களூரிலிருந்து ஊர் திரும்ப நினைப்பவரும் இறுதியாண்டு மாணவரின் பெற்றோரும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தெம்படைகிறார்கள், அல்லது சோர்ந்துபோகிறார்கள். இரண்டுக்குமே அது போதுமான ஆதாரம் அல்ல.

வழக்கமான ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம்: ‘ஜாவா ஃபுல் ஸ்டாக், 3 முதல் 5 ஆண்டு அனுபவம், கோவை / சென்னை / பெங்களூரு, உடனே சேர்பவருக்கு முன்னுரிமை’. மூன்று ஊர் குறிப்பிட்டிருப்பதால் மூன்று ஊர்த் தேடலிலும் இது வரும். ஆள் எடுப்பது ஓர் இடத்துக்காக இருக்கலாம். இதே காலியிடத்தை நான்கு கன்சல்டன்சிகள் நிறுவனத்தின் பெயரை மறைத்துத் தனித்தனியே போட்டிருந்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். ‘உடனே’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள். அதுவரை காத்திருக்க முடியாத வேலை என்றால், யாரோ பாதியில் விட்டுப்போன புராஜெக்டாகவோ குறுகிய கால ஒப்பந்தமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும் விளம்பரம் பெரும்பாலும் பயோடேட்டா சேர்த்துவைக்கும் வேலைதான்.

உண்மையான காலியிடமும் வளர்ச்சிக்கு அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. ஆயிரம் பேர் உள்ள நிறுவனத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம் பேர் விலகினால், ஒரு நாற்காலிகூடக் கூடாமலே 120 விளம்பரம் வரும். 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றும் ஆள் எடுப்பதை நிறுத்திவிடவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 60,000-க்கு மேல் குறைந்திருந்தது. எனவே நேர்காணலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது புதிய இடமா, விலகியவரின் இடமா என்பது. விலகியவரின் இடம் என்றால், அவர் எத்தனை மாதம் இருந்தார் என்பது அடுத்த கேள்வி.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு இந்த விளம்பரங்கள் பெரிதாக எதையும் சொல்வதில்லை. அவற்றில் பெரும்பங்கு அனுபவசாலிகளுக்கானது. ஃப்ரெஷர்களைப் பெரிய நிறுவனங்கள் கேம்பஸிலேயே எடுத்துவிடுகின்றன. பிஎஸ்ஜி, ஜிசிடி, சிஐடி, குமரகுரு, அமிர்தா என்று கல்லூரிகள் நிறைந்த ஊரில் உள்ளூர்த் தேவையைவிடப் பட்டதாரிகள் அதிகம். கேம்பஸில் வாய்ப்புத் தவறியவருக்கு மிஞ்சும் வழிகள் ரெஃபரல், வாக்-இன், சிறு நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் ஆகியவைதான். இந்த நெருக்கடியைப் பயன்படுத்தி, பயிற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை தருவதாகச் சொல்பவர்களும் சான்றிதழைப் பிடித்துவைத்து பாண்ட் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய விளம்பரங்கள் காலியிடக் கணக்கிலேயே சேரக் கூடாதவை.

அனுபவசாலி பார்க்க வேண்டியது வேறு: தன் திறனுக்கு இந்த ஊரில் எத்தனை முதலாளிகள் இருக்கிறார்கள்? மென்பொருள் துறையில் சம்பள உயர்வின் பெரும்பகுதி நிறுவனம் மாறும்போதுதான் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு ஜாவா அனுபவம் உள்ளவருக்குக் கோவையில் இரண்டாவது, மூன்றாவது கதவும் உண்டு. கார்களுக்கான எம்பெடட் மென்பொருள் எழுதுபவருக்கு பாஷ் நல்ல இடம். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊர் என்பதால் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சார்ந்த சிறு நிறுவனங்களும் கிடைக்கும். ஆனால் அதே சம்பளப் படியில் அடுத்த வேலை வேண்டுமென்றால் பெரும்பாலும் பெங்களூரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அரிதான தொழில்நுட்பத்தில் ஊருக்கு ஒரே நிறுவனம்தான் என்றால், அந்த ஒரு வேலை போனால் வீட்டையே மாற்ற வேண்டியதுதான். கணவன், மனைவி இருவரும் இதே துறையில் இருக்கும் குடும்பத்தில் இந்தக் கேள்வியை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய பலர் இதைக் கணக்கிடாமல் வந்து, மூன்றாம் ஆண்டில் சம்பளம் தேங்கி நிற்பதைப் பார்க்கிறார்கள். பத்து நிறுவனங்களின் ஐம்பது விளம்பரம், ஒரே நிறுவனத்தின் நூறு விளம்பரத்தைவிட மேலானது.

சம்பளத்தை சிடிசி, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, கணக்கில் ஒப்பிடுவதும் ஏமாற்றும். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 என்று மனம் கணக்குப் போடுகிறது. அதில் பத்து சதவீதம் வேரியபிள் என்றால் மாதம் 5,000 போகும். அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்து அதன் முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடித்தால், நிறுவனத்தின் பங்கு 3,000, ஊழியரின் பங்கு 3,000. கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 1,200. கையில் வருவது ஏறக்குறைய 37,800 ரூபாய். பெங்களூரு சம்பளத்தையும் இப்படியே பிரித்து, அதில் வாடகையையும் வாரக் கடைசி ரயில், பஸ் செலவையும் கழித்த பிறகுதான் இரண்டையும் அருகருகே வைக்க முடியும். சொந்த வீடு உள்ளவருக்குக் கோவை ஜெயிக்கும். இங்கும் வாடகைதான் என்றால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

இத்தனையையும் ஒவ்வொரு இளைஞரும் தானே துப்பறிந்து தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது நியாயமல்ல. விளாங்குறிச்சியில் 2024 நவம்பரில் ஏறக்குறைய 3 லட்சம் சதுர அடியில் புதிய தகவல் தொழில்நுட்பக் கட்டடம் திறக்கப்பட்டது. விழுப்புரம், சேலம், தஞ்சாவூர் என்று சிறு டைடல் பூங்காக்களும் வந்திருக்கின்றன. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் அறிவிப்புகளில் சதுர அடியும் எதிர்பார்க்கும் வேலைகளும் இருக்கும் அளவுக்கு, எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள், எந்தத் திறனுக்கு, என்ன சம்பளத்துக்கு என்பது வெளிச்சத்துக்கு வருவதில்லை. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இலேயே சட்டம் வந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையைத் தொடர்கிறது. தெரிவித்தால் போதும், அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே நிறுவனங்கள் அஞ்சவும் ஒன்றுமில்லை. அந்தத் தகவலை மாவட்டம், திறன், அனுபவம் வாரியாகப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் வேலையை மாநில அரசு ஏற்க வேண்டும். பூங்காவில் இடம் பெறும் நிறுவனங்களிடமும் ஊக்கத்தொகை வாங்கும் நிறுவனங்களிடமும் முதலில் தொடங்கலாம். வாடகை ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட முடியும்.