கோயிலுக்கு உள்ள மரியாதை கலங்கலுக்கும் வேண்டும்

அம்பத்தூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவது தொழிற்பேட்டை. 1964-இல் அது வருவதற்கு முன், சுற்றிலும் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் நட்ட ஊர்கள். அந்த ஊர்கள் முழுதாக மறைந்துவிடவில்லை. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன.

பக்கத்திலுள்ள திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலில் சன்னதிக்கு முன் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. வேலியோரம் புதராக வளரும் எருக்கு தூணாகுமளவு பருத்ததா என்று வியக்காதவர் இல்லை. தொண்டைமான் என்ற மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அவன் வாளை வீச, அது லிங்கத்தின் மேல் பட்டது என்கிறது தலபுராணம். அந்தக் காயத்துக்காகத்தான் இன்றுவரை சந்தனக் காப்பு. சுந்தரர் பாடிய தலம் இது. பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், மாலையில் இங்கே கொடியிடை நாயகி என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் கூட்டத்தைப் பார்த்தால், மக்கள் மனதில் இருக்கும் எதுவும் அழியாது என்ற நம்பிக்கை வரும்.

அந்தக் கொடுப்பினை ஏரிகளுக்கு வாய்க்கவில்லை.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு. அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு. கரை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், வரத்துக்கால்வாய் எல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் நன்றாக அறிந்தவர்கள் அமைத்தவை. வயல் போனதும் அவற்றை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் போகும் வழியை மறந்த ஊரில் வேறென்ன நடக்கும்?

பிரான்சில் ஒரு சின்ன விவசாயக் கிராமத்துக்குப் போனாலும், தேவாலயத்தோடு பெண்கள் கூடித் துணி துவைத்த பழைய துறையையும் ஊரின் சின்னமாகக் காட்டுவார்கள். அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத இத்தகைய சிறு கட்டுமானங்களைக் காக்கவே அங்கு 1996-இல் ஒரு தேசிய அறக்கட்டளை உருவானது. நெல் விளைவித்த ஊருக்கு மதகும் கலங்கலும் அதே தகுதி உடையவை.

ஆவடி, சென்னை மாநகராட்சிகளும் நீர்வளத் துறையும் சேர்ந்து இவற்றைக் காக்கும் வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு மதகையும் கலங்கலையும் படமெடுத்துக் கணக்கெடுத்து, பெயர்ப்பலகை வைக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஏரிக்குப் போகிறது என்பதை அந்தப் பலகை தமிழில் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொரட்டூரில் தொடங்கினால் நல்லது.