ஈயத்தை எங்கே கட்டுவது?

மும்பையை ஒட்டிய கடல் கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியாத நீரில் யாரும் ஆசைக்காக மூழ்குவதில்லை. அந்நகரின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஸ்கூபா மோகம் பிடித்த இளைஞர்கள் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு, கடலுக்காகச் சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தார்கர்லிக்கோ, அதையும் தாண்டி கர்நாடகத்தின் நேத்ராணித் தீவுக்கோ போகிறார்கள்.

குளத்தில் சரியாக இருந்த எடை அங்கே போதாது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ இருப்பவருக்குக் கூடுதலாக இரண்டரை கிலோ ஈயம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல், "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாலைந்து கிலோவைச் சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அரைமணி நேரச் சுற்றுலா முக்குளிப்பில் விருந்தாளி மிதந்து போய்விடாமல் இருக்க அது பயிற்சியாளருக்கு வசதி. அதே வசதியைப் பாடம் படிக்க வந்தவரின் இடுப்பிலும் ஏற்றுவது தவறு. அதிக ஈயம் கட்டியவர் அதை ஈடுகட்டத் தன் மிதவை ஜாக்கெட்டில் அதிகக் காற்றை நிரப்புகிறார். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும்; விரியும் காற்று அவரை இன்னும் வேகமாக மேலே தூக்கும்.

டெக்னிக்கல் டைவிங்கில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டி, முதுகில் இரட்டை சிலிண்டரோடு போகிறவர்கள் நினைத்த நேரத்தில் மேலே வந்துவிட முடியாது. ஆறு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் காத்திருந்து, உடம்பில் கரைந்த நைட்ரஜனை வெளியேற்றிவிட்டுத்தான் வரவேண்டும். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்றில் அடைத்த காற்றின் எடை மட்டுமே சுமார் 2.7 கிலோ. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேல். அதைச் சுவாசித்துத் தீர்க்கத் தீர்க்க மனிதர் லேசாகிறார். காலியான அலுமினிய சிலிண்டர் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவுக்கு மேல்நோக்கி இழுக்கும். அந்த நிலையிலும் மூன்று மீட்டரில் அசையாமல் நிற்கத் தேவையான ஈயத்தை அவர் தொடக்கத்திலேயே சுமந்தாக வேண்டும். முக்குளிப்பின் முதல் நிமிடத்தில் அந்த ஐந்து கிலோவும் உபரிச் சுமை.

எவ்வளவு என்பது கணக்கில் வந்துவிடும். எங்கே கட்டுவது என்பதில்தான் சண்டை. பெல்ட்டில் கட்டினால் ஆபத்தில் ஒரே இழுப்பில் கழற்றிப் போடலாம். ஆனால் 45 மீட்டரில் கொக்கி தானாகத் திறந்து பெல்ட் நழுவினால், அவர் நிறுத்தங்களையெல்லாம் தாண்டி மேலே பீறிடுவார். இதற்கு அஞ்சியே பலர் முதுகில் இரும்புத் தகடு, இரு சிலிண்டர்களுக்கும் நடுப்பள்ளத்தில் நீள ஈயக்கட்டி என்று எல்லாவற்றையும் கழற்ற முடியாதபடி பொருத்திக்கொள்கிறார்கள். சிலர் பெல்ட்டைக்கூடக் கவட்டுப் பட்டைக்கு உள்ளே கட்டுகிறார்கள். நழுவாதுதான். அவசரத்தில் கையால் இழுத்தாலும் வராது.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் நடந்த சாவு காட்டியது. கிளேசியர் தேசியப் பூங்காவின் மெக்டோனால்ட் ஏரியில் 18 வயதுப் பெண் ஒருவர் பயிற்சிக்காக இறங்கினார். அவர் அணிந்திருந்த, நீர் புகாத டிரை சூட்டுக்குள் காற்று செலுத்தும் குழாய் இணைக்கப்படவில்லை. சுமார் 20 கிலோ ஈயம், சட்டென்று உதற வழியில்லாத பைகளுக்குள் திணிக்கப்பட்டிருந்தது. ஆழம் கூடக் கூட உடை உடம்பை நெரித்தது, அவர் மேலும் கனத்தார். உடன் வந்தவர் காப்பாற்ற முயன்றும் ஈயத்தைக் கழற்ற முடியவில்லை. அது டெக்னிக்கல் டைவிங்கே அல்ல, பொழுதுபோக்கு முக்குளிப்புக்கான பயிற்சி.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் இறங்குவதற்கான எடையை உடம்பில் கட்டிக்கொள்ளவில்லை. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார்கள். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். தூத்துக்குடியில் 1961இல் நடந்த அரசு முத்துக்குளிப்பு வரை இறங்கும் எடை வேறு, ஏறும் உடம்பு வேறு என்ற ஏற்பாடு நீடித்தது. ஒரே மூச்சில் போய் வருபவருக்கு அது பொருந்தியது. ஒரு மணி நேரம் கீழே இருந்து, பாதி வழியில் நின்று நின்று வருபவருக்குக் கல் உதவாது. ஆனால் கல்லை எந்த நொடியில் விடுவது என்பது அந்தக் குளியாளுக்குத் தண்ணீரில் இறங்கும் முன்பே தெரியும். முதுகில் நவீனக் கருவி சுமப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எனவே ஈயத்தைப் பிரித்துக் கட்டுவதே நியாயம். இரும்புத் தகடும் நடு ஈயமும் நிலையாக இருக்கட்டும். மீதி சில கிலோ கவட்டுப் பட்டைக்கு வெளியே பெல்ட்டில் இருக்கட்டும். அளவை இப்படி வைக்கலாம்: ஜாக்கெட் கிழிந்தாலும் அந்தச் சில கிலோவை உதறிவிட்டுக் காலால் உதைத்து மேலே வர முடியவேண்டும், அது தவறி விழுந்தாலும் ராக்கெட்டாகக் கிளம்பக் கூடாது. நம் கடலின் வெதுவெதுப்பில் மூன்று மில்லிமீட்டர் உடை போதும் என்பதால் இதைச் சாதிப்பது எளிது. குளிர்நாட்டுக்காரர் தடித்த உடைக்காகச் சுமக்கும் ஈயத்தை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. எஃகு இரட்டை சிலிண்டரும் இரும்புத் தகடும் சேர்ந்தால் இங்கே ஈயமே தேவைப்படாமல் போகலாம், உதறவும் எதுவும் மிஞ்சாது. அப்போது அலுமினியத் தகட்டுக்கு மாறிவிட்டு, குறைந்த எடையை ஈயமாக பெல்ட்டில் கட்டுவது நல்லது.

இதற்குச் செலவு பெரிதல்ல. தாராவியில் பை தைக்கும் பட்டறைகளில் புழங்கும் நைலான் பட்டையின் இரண்டு அங்குல வடிவம்தான் ஈயம் கோக்கும் பெல்ட். ஈயக்கட்டியின் இரு துளைகளுக்குள் பட்டையைச் செலுத்தும்போது நடுவில் ஒரு முறுக்கு கொடுத்தால் கட்டி நகராது. கொக்கியை வலது கையால் திறக்கும்படி எல்லாரும் ஒரே மாதிரி அணிந்தால், மயங்கியவரின் பெல்ட்டை அடுத்தவரும் தடவித் தேடாமல் கழற்றலாம்.

பயிற்சி மையங்கள் செய்ய வேண்டியது இன்னும் சிறியது. முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிஞ்சியிருக்கும்போது, மூன்று மீட்டர் ஆழத்தில் ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டுவிட்டு, இயல்பாக மூச்சுவிட்டபடி மாணவர் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். மூழ்கினால் ஒரு கிலோ குறைக்க வேண்டும், மேலே போனால் ஒரு கிலோ சேர்க்க வேண்டும். அந்த எண்ணை, எந்த சிலிண்டர், எந்த உடை, குளமா கடலா என்ற விவரத்தோடு மாணவரின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பணம் கட்டுகிறவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம்.