ஒரு சொட்டு ரத்தம் சொல்லும் சேதி

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே உள்ள சிற்றூர் சிங்கவரம். மலையைக் குடைந்த குகைக் கோவிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர்.

இத்தகைய ஊர்களில் பெரியவர் ஒருவருக்கு ஓயாத தாகம், உடல் அசதி என்றால் என்ன சொல்வார்? "வயதாகிவிட்டது" என்பார். அது சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம் அல்லவா!

10 கோடிப் பேர்

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்!

ரத்தம் மின்சாரமாகிறது

முன்பெல்லாம் நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். அது செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம்.

1962-ல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் புதுவழி காட்டினார். நொதி என்ற பொருளையும் மின்சாரத்தையும் சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்றார். பாலுக்கு உறைமோர் போல, சிறிதளவே இருந்து பெரிய மாறுதல் செய்வது நொதி.

இன்று விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டை சிறு பட்டையில் வைக்கிறார்கள். அதில் உள்ள நொதி சர்க்கரையுடன் சேர்ந்து வேலை செய்கிறது. மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டுகிறது. எல்லாம் சில நொடிகளில்!

வீடு தேடி வந்தது

கருவி கைக்கு அடக்கமானதால் சோதனை கிராமத்துக்கும் வந்தது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது அதன் நோக்கம்.

விரலைக் குத்தாமல், தோலில் ஒட்டிக்கொண்டு இரவு பகலாகச் சர்க்கரையை அளக்கும் கருவியும் வந்துவிட்டது. ஆனால் அது சுமார் இரண்டு வாரமே உழைக்கும். விலையோ ஆயிரக்கணக்கில்! கூலி வேலை செய்பவர் என்ன செய்வார்? விலை இறங்கினால்தான் இந்த ஆராய்ச்சியின் பலன் ஏழைக்குக் கிட்டும்.

அதுவரை அந்தச் சின்னப் பட்டையே போதும். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் காட்டினால் டாக்டரிடம் சென்று மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். கவனிக்காத சர்க்கரை கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றையும் கெடுக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சோதனை செய்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.