முடிச்சில்லாத சுங்குடி

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எந்த நிறப் பட்டுடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று பார்த்து அவ்வாண்டின் விளைச்சலைக் கணித்துக்கொள்கிற ஊர் மதுரை. உருவுக்கு உடுத்தும் துணியில் இவ்வளவு பொருள் காண்கிற ஊரில் இருந்துகொண்டு, கணினித் திரைக்குள் நடமாடும் அவதாரங்களுக்கு ஆடை வரைவதை வெட்டிவேலை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனாலும் சொன்னோம். வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து அதைச் செய்துகொண்டிருந்த மாணவியிடம் நேராகவே சொன்னோம். இக்கட்டுரை ஒருவகையில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் முயற்சி.

ஜப்பானிய நிறுவனமான பிக்ஸிவ் 2018இல் வெளியிட்ட விராய்ட் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் அவர் வேலை செய்கிறார். அனிமே பாணியில் ஓர் உருவத்தை அமைத்து, அதற்கான ஆடையின் மேற்பரப்புப் படத்தை, அவர்கள் மொழியில் டெக்ஸ்சரை, கையால் தீட்டலாம். சட்டை ஒன்றைத் தையல் பிரித்துத் தரையில் விரித்துப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்தப் படம். அதன்மேல் வரைவதெல்லாம் உருவத்தின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. முன்பாகமும் பின்பாகமும் சேருமிடத்தில் ஒரு கோடு பிசகினாலும் இடுப்போரத்தில் கட்டம் உடைந்து நிற்கும். கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கிற எந்தத் தையற்காரரும் படுகிற பாடுதான்.

இதில் அனிமே பாணி என்பது விட்டுவிடுவதன் கலை. நிழலுக்கு ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு. அவற்றுக்கிடையே கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. நூலிழை தெரியாது. துணியில் பத்து மடிப்பு விழுந்தால் மூன்று கோடுதான் வரைவார்கள். செல்லுலாய்டுத் தாளில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கையால் வண்ணம் தீட்டிய காலத்தின் சிக்கனம் பின்னாளில் அழகியலாயிற்று. எதை விடுவது என்று தெரிய, அங்கே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் கருத்து முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது.

மாணவியின் கைவண்ணத்தில் ஜப்பானியப் பள்ளிச் சீருடைகளும் கிமோனோக்களுமே நிறைந்திருந்தன. மதுரைப் பெண் ஏன் சுங்குடி வரையக்கூடாது என்று கேட்டோம். கேட்டதோடு நில்லாமல், வீட்டுப் பெட்டியிலிருந்த பழைய அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலையைப் புகைப்படம் எடுத்துக் கொடுத்து, அதை அப்படியே ஒட்டிவிடச் சொன்னோம். ஆசிரியர் சொல்லைத் தட்டாமல் செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை. தட்டையான வண்ண முகத்துக்குக் கீழே நிஜத்துணியின் கசங்கல். அதைவிட, உருவம் நாலடி விலகிப் போனதும் புள்ளிகள் எல்லாம் கரைந்து சேலை வெறும் இளஞ்சிவப்பாகிவிட்டது. 1024 படப்புள்ளி அகலமுள்ள படம் தூரத்துக்கு ஏற்ப 512, 256 என்று பாதிபாதியாகச் சுருக்கப்படுகிறதாம். கடுகளவுப் புள்ளியும் அதைச் சூழ்ந்த சிவப்பும் கூட்டிச் சராசரியாக்கப்படுகின்றன. “ஐயா, புள்ளியைப் பெரிதாக்கினால் தெரியும், ஆனால் அது சுங்குடியாக இருக்காது” என்றார் மாணவி. அவர் சொன்னது சரி. பெரிதாக்கிய புள்ளிகளோடு அது சிறுமியர் கவுன் போலத்தான் இருந்தது.

சுங்குடிப் புள்ளி வட்டப்பொட்டு அல்ல. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து நிலைத்த சௌராஷ்டிரர்களின் தொழில் அது. துணியை மடித்து அடையாளமிட்டு, நகத்தால் கிள்ளியெடுத்த நுனியில் நூலைச் சுற்றி இறுக்கி, இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சிட்டபின் சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுகிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. அவிழ்த்தால் சற்றே கோணிய ஒரு வளையம். நடுவில் பல வேளைகளில் சாயத்தின் ஒரு துளி. ஒன்று போல் ஒன்று இராது. முடிச்சு அவிழாமலேயே சேலையை விற்பதும் உண்டு, கட்டியதுதான், அச்சடித்ததல்ல என்பதற்குச் சான்றாக. இன்று மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் சுங்குடி என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது மெழுகு அச்சும் திரை அச்சும். அதைக் குறைசொல்லிப் பயனில்லை; கைமுடிச்சுச் சேலையின் விலையை எல்லோராலும் கொடுக்க இயலாது, கொடுக்கிற விலையிலும் முடிச்சிடுகிற பெண்ணின் கைக்குப் போவது சொற்பம்.

ஜப்பானில் கனோகோ ஷிபோரி என்றொரு சாயமுறை உண்டு. கனோகோ என்றால் மான்குட்டி. அதன் முதுகுப் புள்ளிகள் போன்றது என்று பெயர். அதே கிள்ளல், அதே முடிச்சு, அதே கோணல் வளையம். சுங்குடிக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். தம் துணிகளை வரைகிறவர்கள் அவற்றின் பெயரும் வரலாறும் அறிந்து வரைகிறார்கள். 2019இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் நாயகன் தஞ்ஜிரோ அணிவது இச்சிமாட்சு என்னும் கட்டம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கபுகி நடிகர் ஒருவரின் பெயரால் வழங்குவது. தங்கை நெசுகோ அணிவது சணல் இலைக்கோலம். சணல்போல் விரைந்து வளரட்டும் என்று குழந்தைகளுக்கு உடுத்தியது. பதிப்பகமான ஷூஏஷா 2020இல் இந்தக் கோலங்களை வணிகக்குறிகளாகப் பதிய விண்ணப்பித்தபோது, தஞ்ஜிரோவின் கட்டத்தை ஜப்பானியக் காப்புரிமை அலுவலகம் ஏற்க மறுத்தது. ஊர்ப்பொதுவான கட்டத்தை ஒருவர் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்? நம் மாணவியருக்கு அந்தச் சணல் இலை தெரியும். முடிச்சிடும் வீடுகள் பேருந்தில் கால்மணி நேரத் தொலைவில் இருப்பது தெரியாது.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது துணியைக் காக்கும். திரைக்குள் உலவும் சுங்குடியின் படத்துக்கு அது எந்த அளவுக்குக் கை கொடுக்கும் என்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து அதை வரைந்து விற்கலாம். முடிச்சிட்டவருக்கு ஒரு காசும் வராது. அப்படியிருக்க, வரைகிறவர் இந்த ஊர்க்காரராகவாவது, கைமுடிச்சைக் கண்ணால் பார்த்தவராகவாவது இருக்கட்டும் என்பது நம் ஆசை. இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் சங்கதி என்போருக்கு ஒன்று: 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டச் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த ஓர் இணை, திருமண வரவேற்பை மெய்நிகர் வெளியில் நடத்தியது. மணமகளின் மறைந்த தந்தை அங்கே அவதாரமாக வந்து நின்றார். இறந்த தகப்பனுக்கு என்ன உடுத்துவது என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை.

மாணவியை முடிச்சிடும் ஓர் அம்மாவிடம் அழைத்துப்போனோம். இரண்டு பிற்பகல்கள் கிள்ளிப் பழகி, விரல் சிவந்து, முப்பது முடிச்சுக்குமேல் போடவில்லை. திரும்பிவந்து புள்ளிகளைக் குறைத்தார். நெருங்கிய வரிசைகள் மடிப்பின் ஓரங்களில் மட்டும். மற்ற இடத்தில் வெறும் அரக்கு. ஏழெட்டு வகைக் கோணல் வளையங்களை வரைந்து வைத்துக்கொண்டு மாற்றிமாற்றி இட்டார். எண்ணினால் நிஜச் சேலையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. ஆனால் சுங்குடி என்று தெரிகிறது, தூரத்திலும்.

முந்தானை இன்னும் சரியாக வரவில்லை. அந்த மென்பொருளின் ஆடைகள் எல்லாம் உடம்பைச் சுற்றித் தைத்தவை. தைக்காத ஆறு கெஜத்துக்கு அவற்றில் இடமில்லை. கவுனைச் சேலையாக நடிக்கவைத்து, தோளிலிருந்து தொங்கும் பகுதியைத் தனித்துண்டாக ஒட்டியிருக்கிறார். அதை அந்த அம்மாவிடம் கைப்பேசியில் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். உருவம் திரும்பி நடந்தபோது முந்தானை ஒரு கணம் காணாமல் போய் மீண்டும் வந்தது.

“உள்பக்கம் இல்லையா பாப்பா?” என்றார்.

கணக்கு மிச்சமாகட்டும் என்று ஒருபக்கம் மட்டுமே காட்டுவார்கள் என்று மாணவி விளக்கினார்.

“அச்சுச் சேலைதான் ஒருபக்கம். நாம கட்டுறது ரெண்டு பக்கமும் தெரியணும்” என்று சொல்லிவிட்டு அவர் முடிச்சுக்குத் திரும்பினார். மாணவி உள்பக்கத்தையும் வரைந்துகொண்டிருக்கிறார்.